மெத்தில்ஃபெனிடேட் போட்டால் படித்தது மனதில் நிற்குமா?

தேர்வறை:
ஏடிஎச்டிக்கு (கவனம் ஒரு இடத்தில் நிற்காத, அதீதத் துறுதுறுப்புக் குறைபாடு) கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட்டை (ரிட்டாலின்) அந்தக் குறைபாடு இல்லாதவர்களும் தேர்வு நேரத்தில் போட்டுக்கொள்கிறார்களாமே. அது மூளையில் டோபமைனை (நரம்பணுக்களுக்கு இடையே சேதி கடத்தும் வேதிப்பொருள்) கூட்டுமாம். டோபமைன் கூடினால் ஞாபகசக்தியும் கூடும் என்பது சரியா?

மருந்துப்பெட்டி:
பாதிதான் சரி. வெளியே விட்ட டோபமைனை நரம்பணு திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு புரதம் இருக்கிறது. மெத்தில்ஃபெனிடேட் அதை அடைத்துவிடும், நார்அட்ரினலின் என்ற இன்னொரு சேதி கடத்தும் பொருளுக்கும் அப்படியே. ஆம்ஃபெட்டமின் என்ற இன்னொரு ஊக்கமருந்து இன்னும் ஒரு படி மேலே போய், அதே புரதத்தின் வழியாக டோபமைனை வெளியே தள்ளவும் செய்யும்.

சிக்கல் அளவில்தான். கவனத்தை நடத்தும் முன்மூளைப் புறணியில் டி1 ஏற்பிகள் (டோபமைன் வந்து ஒட்டும் புரதங்கள்) குறைவாகத் தூண்டப்பட்டாலும் கவனம் சிதறும், அதிகமாகத் தூண்டப்பட்டாலும் சிதறும். வரைபடத்தில் இது கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும். ஏற்கெனவே உச்சியில் இருப்பவர் மாத்திரை போட்டால் மறுபக்கம் சரிவார்.

பைக்கணக்கு:
2023-இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்த ஆய்வைப் பாருங்கள். ஏடிஎச்டி இல்லாத 40 பேர். மெத்தில்ஃபெனிடேட் 30 மி.கி., டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின் 15 மி.கி., மோடாஃபினில் (விழிப்பாக வைக்கும் மருந்து) 200 மி.கி., வெற்று மாத்திரை என ஒவ்வொருவருக்கும் நான்கும் வெவ்வேறு நாட்களில். எடை வரம்பைத் தாண்டாமல் அதிக மதிப்புள்ள பொருட்களைப் பையில் நிரப்பும் புதிர்தான் சோதனை. மருந்து போட்டபோது நேரமும் அதிகம், பொருட்களை மாற்றி மாற்றி வைத்ததும் அதிகம். விடையின் தரமோ இறங்கியது. மருந்தில்லாமல் சராசரிக்கு மேல் இருந்தவர்கள் பலர் கீழே போனார்கள். சுறுசுறுப்பைப் புத்திசாலித்தனம் என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான்.

தேர்வறை:
அது புதிர். மனப்பாடத்துக்கு உதவாதா? மாலை 6 மணிக்குப் போட்டால் படுப்பதற்குள் தெளிந்துவிடுமே?

மருந்துப்பெட்டி:
சாதாரண மாத்திரையின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் இருக்கும் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், 2–3 மணி நேரம். மருந்தின் வேலை 4 மணி நேரத்தில் அடங்கினாலும், இரவு 11-க்கு கால்வாசி ரத்தத்தில் மிச்சமிருக்கலாம். மெதுவாகக் கரையும் வகையென்றால் அதன் வேலையே 8 முதல் 12 மணி நேரம். அன்று தூக்கம் போச்சு. பகலில் படித்ததை ஹிப்போகாம்பஸ் (நினைவைப் பதியவைக்கும் மூளைப் பகுதி) திரும்ப ஓட்டிப் பதியவைப்பது ஆழ்ந்த தூக்கத்தில். அதை வெட்டிவிட்டு மனப்பாடத்தைக் கூட்ட முடியாது.

ஹிப்போகாம்பஸில் நினைவு நிலைக்க டோபமைன் வேண்டும்தான். ஆனால் அது புதிதாக, எதிர்பாராததாக ஒன்று வரும்போது சட்டென்று பாயும் டோபமைன். மணிக்கணக்கில் மட்டத்தையே உயர்த்தி வைத்தால் எது முக்கியம் என்ற அந்தக் குறிப்பு அதிலேயே அமுங்கக்கூடும்.

பைக்கணக்கு:
இன்னொன்று: இந்தியாவில் இது அட்டவணை எக்ஸ் மருந்து, அதாவது விற்பனைக்குக் கடுமையான கட்டுப்பாடு உள்ள பட்டியலில் இருப்பது. மருத்துவர் சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். நண்பரிடம் வாங்கிப் போடுவது சட்டப்படியும் வம்பு. ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருப்பவருக்கு ஆபத்து அதைவிடப் பெரியது.