ஆர்எக்ஸ்-8: சூடானாப் பிறகு 'டொக் டொக்'. ஏபெக்ஸ் சீலோ, பெயாரிங்கோ?

தெஹிவளை13பி:
வணக்கம். என்ர வண்டி 2004 மஸ்தா ஆர்எக்ஸ்-8, பிஸ்டனுக்குப் பதிலா முக்கோண ரோட்டர் சுத்துற ரோட்டரி எஞ்சின், ஆறு கியர் மானுவல், ஜப்பானில இருந்து வந்தது. காலமை ஸ்டார்ட் பண்ணேக்க ஒரு சத்தமும் இல்லை. காலி வீதி ட்ராஃபிக்கில நிண்டு நல்லாச் சூடானாப் பிறகு 2,000–3,000 ஆர்பிஎம்மில 'டொக் டொக்' எண்டு உள்ளுக்க தட்டுது. அக்சிலரேட்டரை அமத்தினாக் கூடுது, விட்டாக் குறையுது. இழுவை குறையேல்லை, சூட்டிலயும் உடன ஸ்டார்ட் ஆகுது. டாஷ்போர்ட்டில ஒயில் பிரஷர் முள்ளு நடுவிலதான் நிக்குது.

கராஜ்காரர் சத்தத்தைக் கேட்ட உடன "ஏபெக்ஸ் சீல் போட்டுது, வேற எஞ்சின் பாருங்கோ" எண்டிட்டார். ஏபெக்ஸ் சீல் எண்டா ரோட்டர் முனையில இருக்கிற அடைப்புப் பட்டை. ஒண்டையும் அளக்கேல்லை. நம்பலாமோ?

ஷார்ஜா ஸ்பானர்:
நம்பாதீங்க பாஸ். ஏபெக்ஸ் சீல் போனா முதல்ல சூட்டுல ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஐடில்ல துள்ளும். உங்களுக்கு ரெண்டுமே இல்லையே. அந்த ஒயில் முள்ளையும் மறந்துடுங்க. உங்க மாடல்ல அது மீட்டரே இல்ல, சுவிட்ச். கொஞ்சம் பிரஷர் இருந்தாலே நடுவுல போய் உட்கார்ந்துக்கும். தனியா ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டுங்க.

முதல்ல காசு செலவில்லாத வேலை. நியூட்ரல்ல நிறுத்தி, சத்தம் வரும்போது கிளட்சை மிதிங்க. மிதிச்சதும் நின்னாலோ, மிதிச்சா மட்டும் வந்தாலோ கியர்பாக்ஸ், ரிலீஸ் பேரிங் பக்கம் தேடணும். மாறவே இல்லன்னா எஞ்சினுக்குள்ளதான்.

அடுத்து ஒயில் பில்டரை வெட்டி, பேப்பரை விரிச்சு வெயில்ல சாய்ச்சுப் பாருங்க. காந்தத்துல ஒட்டுற தூள்னா இரும்பு, சீலோ சைடு ஹவுசிங்கோ தேயுது. ஒட்டாம செம்பு நிறத்துல மினுங்கினா பேரிங்.

கம்ப்ரஷனை ரோட்டரி டெஸ்டர்ல மட்டும் பாருங்க. பிஸ்டன் வண்டி கேஜ் ரோட்டரோட மூணு முகத்துல பெரிய அளவை மட்டும்தான் காட்டும். 250 ஆர்பிஎம்ல சதுர சென்டிமீட்டருக்கு 8.5 கிலோ இருக்கணும், 6.9க்குக் கீழ போகக் கூடாது.

தெஹிவளை13பி:
நன்றி. கிளச் மிதிச்சாலும் சத்தம் அப்பிடியே. கொம்பிரஷன் முன் ரோட்டர் 7.8, 7.7, 7.9, பின் ரோட்டர் 7.5, 7.6, 7.4. சூட்டில 3,000 ஆர்பிஎம்மில ஒயில் பிரஷர் 36 பிஎஸ்ஐ. பில்டர் மடிப்புக்குள்ள செம்புத்தூள், மிளகாய்த்தூள் கொட்டின மாதிரி. காந்தம் கிட்டப் போனாலும் அசையேல்லை.

கிரீஸ் கை:
தம்பி, இனி ஸ்டார்ட் பண்ணாதேங்கோ. கம்பெனிக் கணக்குக்கு அந்த வேகத்தில 50 பிஎஸ்ஐ வரவேணும். உங்கட சீல் எல்லாம் நல்லா இருக்கு, போறது பெயாரிங்.

இந்த எஞ்சின்ல எக்சென்ட்ரிக் ஷாஃப்டை (ரோட்டர் சுத்துற நடுத்தண்டை) தாங்க முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு எண்டு ரெண்டு மெயின் பெயாரிங்தான். நடுவில தாங்க ஒண்டும் இல்லை. அது போக ஒவ்வொரு ரோட்டருக்குள்ளயும் அமத்தி இறுக்கின ஒரு பெயாரிங். எல்லாம் ஒயில் படலத்தில மிதக்கிற சாதாரண பெயாரிங். லோட் போடேக்க சத்தம் கூடுது எண்டா என்ர கணக்கு ரோட்டர் பெயாரிங்.

காரணம் அநேகமா ஒயில்தான். இந்த எஞ்சின் சம்பில (அடித் தொட்டியில) இருக்கிற ஒயிலையே சீலுக்கு விட்டு எரிக்கிறது. டிப்ஸ்டிக் பாக்காம ஓடினா மட்டம் இறங்கி, வளைவில பம்ப் காத்தை இழுக்கும். கிட்ட கிட்ட ஓடி நிப்பாட்டினா பெற்றோல் ஒயிலோட கலந்து தண்ணியாக்கும். இன்னும் ஓடினா பெயாரிங் சுத்தி ஷாஃப்டைக் கீறும், பிறகு ரோட்டரே ஹவுசிங்கில உரசும். இப்ப இறக்கினா நாலு பெயாரிங்கோட முடியும்.

தெஹிவளை13பி:
வேற கராஜில இறக்கியாச்சு. பின் ரோட்டர் பெயாரிங்கில மேல் பூச்சு போய், ஒரு பக்கம் செம்பு பட்டியாத் தெரியுது. கிளியரன்ஸ் (ஷாஃப்டுக்கும் பெயாரிங்குக்கும் இடைவெளி) 0.11 மில்லிமீற்றர். முன்னுக்கு 0.08. ஷாஃப்டில நகம் மாட்டுற கீறல் இல்லை. லேத்காரர் பெயாரிங்கைச் சுத்தியலால தட்டி ஏத்தலாம் எண்டுறார்.

கிரீஸ் கை:
லேத்காரருக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்புங்கோ. தட்டினா ஒரு பக்கம் சப்பும். அளவான மண்ட்ரல் (அமத்துற உருளை) போட்டு ஹைட்ரோலிக் பிரஸ்ஸில, ஒரே மூச்சில, ரோட்டர் பொஸ்ஸோட (நடுக் கழுத்தோட) மட்டமா இறக்கவேணும். பெயாரிங்கின்ர பூட்டுக் காது ரோட்டரின்ர காடிக்கு நேர இருக்கோணும். ஏத்தினாப் பிறகு உள்விட்டம் கொஞ்சம் சுருங்கும், அதாலை போர் கேஜ் வைச்சுத் திரும்ப அளவுங்கோ. கிளியரன்ஸ் 0.04–0.08க்குள்ள இருக்கவேணும், எல்லை 0.10. ரெண்டு ரோட்டருக்கும், ரெண்டு மெயினுக்கும் புதுசு போடுங்கோ. இறக்கின கூலிக்கு முன்னால அது பெரிய காசில்லை. ஷாஃப்டைக் கிரைண்ட் பண்ணி அண்டர்சைஸ் (உள்விட்டம் சின்ன) பெயாரிங் போடுற கதை இங்க வேண்டாம். கீறல் இருந்திருந்தா வேற ஷாஃப்ட்தான்.

கன பேர் கோட்டை விடுறது ஒயில் கூலரில. மானுவலுக்கு முன்னுக்கு ரெண்டு கூலர். செம்புத்தூள் அதுக்குள்ள ஒளிஞ்சிருந்து, புதுப் பெயாரிங்குக்கு முதல் நாளே வந்து சேரும். கூலர், ஹோஸ் ரெண்டும் கழட்டி எதிர்த் திசையில கழுவுங்கோ. துப்புரவு வரேல்லை எண்டா கூலரை மாத்துங்கோ.

ஷாஃப்டின்ர முன் பக்கத்தில சின்ன ஊசி த்ரஸ்ட் பெயாரிங் (ஷாஃப்டின்ர முன்பின் தள்ளலைத் தாங்குறது) இருக்கு. முன் போல்ட்டை இறுக்கேக்க எஞ்சின் முன் பக்கம் மேல பாக்க நிக்கவேணும். படுத்திருந்தா அது வழுக்கி, பிளேட்டுக்கு இடையில நசுங்கும். இறுக்கி முடிச்சு டயல் கேஜ் வைச்சு ஷாஃப்டை முன்னுக்கும் பின்னுக்கும் அசையுங்கோ. 0.04–0.07 வந்தாச் சரி, அசைவே இல்லை எண்டா அது நசுங்கிப் போச்சு, திரும்பக் கழட்டுங்கோ.

தெஹிவளை13பி:
பூட்டியாச்சு அண்ணா. அசைவு 0.05. ஒரு கூலர் எத்தனை தரம் கழுவினாலும் தூள் விட்டுக்கொண்டே இருந்தது, பழசு ஒண்டு வாங்கி மாத்தினன். 10டபிள்யூ-40 ஒயில். சூட்டில 3,000இல் 53 பிஎஸ்ஐ. சத்தம் இல்லை.

ஷார்ஜா ஸ்பானர்:
சூப்பர். 500 கிலோமீட்டர்ல ஒயிலை வடிச்சிட்டு அந்த பில்டரையும் வெட்டிப் பாருங்க, படம் இங்க போடுங்க. கேஜைக் கழட்டிடாதீங்க.