கொலு பொம்மைகளும் வேலூர் வெயிலும்

கொலு பொம்மைகளை எடுத்து வைப்பது பற்றிப் பேச்சு வந்ததால் எங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்கிறேன். நாங்கள் வேலூர் சத்துவாச்சாரி. மாமியார் வழி வந்த மண் பொம்மைகள்தான் அதிகம். கொஞ்சம் காகிதக்கூழ், ஒரு ஜோடி மரப்பாச்சி.

எங்கள் ஊரில் பொம்மை கெடுவது பெரும்பாலும் எடுத்து வைக்கும் நேரத்தால்தான். விஜயதசமி முடிந்த கையோடு ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். காற்றில் ஈரம் இருக்கும்போதே பபிள் ஷீட்டில் இறுக்கிச் சுற்றி, டேப் ஒட்டி, மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரணில் ஏற்றிவிடுகிறோம். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது பெயின்ட் இளகி பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். நாத்தனார் வீட்டு மீனாட்சியைப் பிரித்தபோது பக்கத்தில்தான் இருந்தேன். கன்னத்துப் பச்சை வட்ட வட்டமாக உரிந்து ஷீட்டோடு வந்தது, அடியில் வெள்ளைப் பூச்சு தெரிந்தது. மாமியார் சீராகக் கொடுத்த பொம்மை அது. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

எனக்கு வழி சொன்னவர் எதிர்வீட்டு அக்கா. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவார். அவர் வீட்டுச் சுரூபங்களில் ஒரு மாட்டுக் கொம்புகூட உடைந்து நான் பார்த்ததில்லை.

"பிளாஸ்டிக் வேணாம்மா, காத்தே போவாது. பழைய வேட்டியில சுத்து. ஷூ டப்பாவுல வர்ற குட்டிப் பாக்கெட்டைத் தூக்கிப் போடாத, ஈரத்தை அது இழுத்துக்கும்" என்றார். சிலிக்கா ஜெல்லைத்தான் சொன்னார். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் உறவு இருப்பவர்களுக்கு ஷூ டப்பாவுக்குப் பஞ்சமே இல்லை, அரையடி பொம்மைக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும்.

இப்போது முதலில் பிரஷ்ஷால் தூசு தட்டி, ஃபேன் காற்றில் நன்றாக ஆறவிட்டு, பருத்தித் துணியில் சுற்றுகிறேன். நியூஸ் பேப்பரை நேராகப் பொம்மைமேல் சுற்றுவதில்லை, மை ஏறிவிடும். தசாவதாரம் பத்தும் ஒரே பெட்டி. ராமர் வில், கிருஷ்ணர் புல்லாங்குழல் மாதிரி கழற்ற வருபவை தீப்பெட்டிக்குள் போய், பெயர் எழுதி அந்தந்த டப்பாவின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டப்படும். பெட்டிகள் பரணுக்குப் போவதில்லை. நடு அறை பீரோவுக்கு மேலே, சுவரை விட்டுத் தள்ளி வைக்கிறேன், கரையான் பயம்.

பாச்சா உருண்டை போடுகிறவர்கள், கைக்குழந்தை இருந்தால் தயவுசெய்து வேண்டாம். ஜி6பிடி என்ற என்சைம் (நொதி) குறைபாடுள்ள குழந்தைக்கு அந்த நெடியே ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கலாம். நான் வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து போடுகிறேன். சிலிக்கா பாக்கெட்டும் குழந்தை கைக்கு எட்டக் கூடாது.

அக்கா குடிலைப் பிரிப்பது ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் கழித்து. மழை விட்டு, காற்று காய்ந்திருக்கும் நேரம். அவர் பொருள் நீடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். நவராத்திரியைத் தள்ளிப்போட முடியாதே! அதனால் போகிக்கு வீடு சுத்தம் செய்யும்போது எல்லா டப்பாவையும் திறந்து, நிழலில் ஒரு பகல் காற்றாட வைத்து, பாக்கெட்டுகளை மாற்றிவிட்டு மறுபடி மூடுகிறேன்.