பொருள்: சி.ஏ. ஹிஞ்சுக்கு "திரிக்கீல்"னு வைப்போம்

எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம ஏரோமாடல் (பறக்கவிடுற குட்டி விமானம்) சொற்பட்டியலுக்கு சி.ஏ. ஹிஞ்சுக்கு, அதாவது சி.ஏ.ன்னு சொல்ற சயனோஅக்ரிலேட் பசையால ஒட்டுற கீலுக்கு, தமிழ்ப் பேர் யோசிச்சு ராத்திரி வந்த மெயில் எல்லாத்தையும் படிச்சேன். கீல்னா இங்க மடங்குற மூட்டு. கொடுங்கையூர் தம்பி சொன்ன "ஒட்டுக்கீல்", பெரம்பூர் சார் சொன்ன "பசைக்கீல்", ரெண்டையும் தமிழ் இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா ரெண்டும் அந்த ஹிஞ்சோட வேலையச் சொல்லல. ஏரோமாடல்ல எல்லா ஹிஞ்சையும்தான் ஒட்டுறோம். நைலான் ஹிஞ்சுக்கு அரால்டைட் பசை, ஓட்டைக்குள்ள கால் இறங்குற பாயிண்ட் ஹிஞ்சுக்கும் அதேதான். இதுக்கு மட்டும் ஒட்டுக்கீல்னு பேர் வச்சா புதுசா பால்சா (மாடல் செய்ற லேசான மரம்) வெட்ட வர்ற பையன் இன்னா பண்ணுவான், பசைய மொதல்ல ஹிஞ்சு மேல தடவிக்கினு அப்புறமா சொருகுவான், அதுவும் ஃபெவிக்விக் மாதிரி பசைன்னா பாதி உள்ள போறதுக்குள்ள பிடிச்சிக்கும், வெளியவும் வராது உள்ளயும் போகாது.

அது எப்படி ஒட்டுதுன்னு பாருங்க. நடுவுல மெல்லிசா ஒரு பாலியெஸ்டர் தாள், ரெண்டு பக்கமும் நார். இறக்கையோட பின்விளிம்புல ஒரு கீறல், ஏலரானோட (இறக்கைக்குப் பின்னாடி மேலயும் கீழயும் மடங்குற பலகை) முன்விளிம்புல ஒரு கீறல், ஹிஞ்ச பாதி இங்க பாதி அங்க காஞ்ச மேனிக்கே சொருகணும், சரியா நடுவுல நிக்கிறதுக்கு ஒரு குண்டூசி குத்தி வச்சிக்கலாம். அப்புறமா ஏலரான நல்லா மடக்கிப் பிடிச்சிக்கினு தண்ணி மாதிரி இருக்குற சி.ஏ.வ இடுக்குல ஒவ்வொரு சொட்டா அஞ்சாறு சொட்டு விட்டா நார் அத உள்ள இழுத்துக்கும், சுத்தி இருக்குற பால்சாவும் குடிக்கும், உடனே திருப்பிப் போட்டு அந்தப் பக்கமும் அதே மாதிரி. விளக்குல திரி எண்ணெய மேல இழுக்குதே, அதே இயக்கம்தான் இது, பள்ளிக்கூடப் புஸ்தகத்துல நுண்புழை ஏற்றம்னு போட்டிருப்பான். பசைய நாம உள்ள தள்ளல, திரி இழுக்குது. அதனாலதான் திரிக்கீல்னு சொல்றேன்.

இந்தப் பேர் மனசுல நின்னுட்டா மத்ததெல்லாம் சொல்லிக்குடுக்காமலே வந்துடும். திரின்னா கெட்டிப் பசை ஆகாது, ஏன்னா அது ஏறாது. கீறலுக்கு நடுவுல 1.5 மில்லிமீட்டர் டிரில் பிட்டால ஒரு ஓட்டை போட்டு வைக்கிறோமே, அது திரியோட கடைசி முனை வரைக்கும் பசை ஓடுறதுக்கு வழி. மேல ஒட்டுற கலர் ஃபிலிம் கீறல் வாய மூடிக்கினு இருந்தா வெட்டி எடுக்கணும், ஃபிலிம் பசைய குடிக்காது, மேலயே வழிஞ்சு ஓடிடும். சீக்கிரம் காயணும்னு அடிக்கிற ஸ்ப்ரேயும் இங்க வேணவே வேணாம், அத அடிச்சா வாய்கிட்டயே பசை இறுகி உள்ள நார் காஞ்சு கிடக்கும், வெளிய பார்த்தா ஒட்டின மாதிரிதான் தெரியும். அதுவும் நம்ம ராயபுரம் கடக்கரக் காத்துல ஸ்ப்ரே எதுக்கு, சயனோஅக்ரிலேட் இறுகுறதே ஈரத்தாலதான். எல்லாம் முடிஞ்சதும் ஒரு கால் மணி நேரம் விட்டு ஒவ்வொரு கீலையும் தனித்தனியா நல்லா இழுத்துப் பார்க்கணும், இத யாரும் விடாதீங்க. ஆகாசத்துல ஏலரான் கழண்டா பிளேன் போச்சு, கீழ நிக்கிறவங்க தலைக்கும் ஆபத்து.

சி.ஏ. கீல்னே விட்டுடலாம்னு ஒருத்தர் கேட்டிருந்தார். நம்ம ஊர்ல சி.ஏ.ன்னா ஆடிட்டர் படிப்பு, வேணாம்.

திரின்னா முறுக்குறதுன்னும் அர்த்தம் இருக்கே, முறுக்குன கீல்னு ஆயிடாதான்னு பெரம்பூர் சார் கேட்டது நியாயமான கேள்வி. அதுக்கு இலக்கணமே வழி விட்டிருக்கு சார். "திரிகீல்"னு க் இல்லாம எழுதினா வினைத்தொகை, அப்போ திரியுற கீல்னு ஆகும். "திரிக்கீல்"னு க் போட்டு எழுதினா திரி பெயர்ச்சொல், விளக்குத் திரி. அதனால பட்டியல்ல ஏத்தும்போது அந்த க்கன்னாவ யாரும் விட்டுடக்கூடாது. திரிசூலம் மாதிரி மூணுன்னு நினைப்பாங்கன்னு இன்னொருத்தர் எழுதியிருந்தார், கீல்னு தமிழ்ச் சொல் பக்கத்துல வர்றதால அந்தக் குழப்பம் வராதுன்னு நினைக்கிறேன்.

காசிமேட்டு அண்ணனோட மறுப்புதான் கனமானது. படகு வேலைல கீல்னா தாரு, பலகை இடுக்குல அடைக்கிறது, அதுவும் இல்லாம இங்கிலீஷ்ல கீல்னா படகோட அடிக்கட்டைன்னு சொல்றார். அடிக்கட்டைக்கு நம்மகிட்ட ஏரான்னு தனிப் பேர் இருக்குண்ணே. தாரும் கீல்தான், ஒத்துக்குறேன், ஆனா கீல்வாதம்னு சொன்னா தண்டையார்பேட்டைல எந்தப் பாட்டிக்கும் மூட்டுன்னு புரியுது, தச்சு வேலைல கதவுக்கும் கீல்தான். மடங்குற இடத்துக்கு இதவிட நல்ல சொல் எனக்குத் தெரியல.

மத்த ரெண்டையும் இதோட சேர்த்து முடிச்சிடலாம். நடுவுல கம்பி போட்ட நைலான் ஹிஞ்சு ஊசிக்கீல், இதுல யாருக்கும் சண்டை இல்ல. அரால்டைட் கம்பி இடுக்குல இறங்கி பூட்டிக்காம இருக்க மூட்டுல கொஞ்சம் வாசலின் தடவணும்னு விளக்கத்துல ஒரு வரி சேர்த்துக்கலாம். பாயிண்ட் ஹிஞ்சுக்கு "குடுமிக்கீல்"னு வந்தத மட்டும் நான் ஏத்துக்கல. பழைய வீட்டுக் கதவுல குடுமி குழிக்குள்ள சுத்தும், இந்த ஹிஞ்சோட கால் ஓட்டைக்குள்ள ஒரு நூல் கூட அசையக் கூடாது, அசைஞ்சா ஏலரான் பறக்கும்போது படபடன்னு அடிக்க ஆரம்பிச்சிடும். அடிச்சு இறக்கின முளை மாதிரி நிக்கணும், அதனால முளைக்கீல்.

தெர்மாகோல் மாடலுக்கு திரிக்கீல் பொருந்தாதுன்னும் குறிப்புல போடணும், சாதா சி.ஏ. தெர்மாகோல கரைச்சிடும். அங்க டேப்தான், டேப்கீல்னே இருக்கட்டும்.

ஞாயித்துக்கிழமைக்குள்ள மறுப்பு எதுவும் வரலன்னா மூணையும் பட்டியல்ல ஏத்திடறேன். அந்த ஸ்ப்ரேக்குத்தான் இன்னும் பேர் இல்ல. முடுக்கின்னு சொன்னா வண்டி ஞாபகம் வருது, வினையூக்கிய ஒட்டி "இறுகூக்கி"ன்னு ஒண்ணு தோணிச்சு, வாய்ல சுலபமா வரல. கொடுங்கையூர் தம்பி, நீ யோசிச்சு எழுதுப்பா.