வீட்டில் கட்டும் எலெக்ட்ரிக் கோ-கார்ட்: செயின் கழல்கிறது, திருப்பத்தில் வண்டி நேராகவே போகிறது

கேள்வி

48 வோல்ட், 1500 வாட், 3000 ஆர்பிஎம் மோட்டார். பின்னால் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்) இல்லை, 30 மி.மீ. ஆக்ஸிலில் இரண்டு சக்கரமும் கீ போட்டு இறுக்கியவை. டயர் விட்டம் 280 மி.மீ. செயின் 420 ரகம், மோட்டாரில் 11 பல், ஆக்ஸிலில் 55 பல். ஆக்ஸிலரேட்டரை முழுசாக அழுத்தினால் செயின் பல் தாண்டுகிறது, சில நேரம் கழன்றே விழுகிறது. ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகத்தான் தள்ளிக்கொண்டு போகிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் 1

5-க்கு 1 விகிதம் சரி, மணிக்கு ஏறக்குறைய 32 கி.மீ. வரும். சிக்கல் செயினில்தான். 420-இல் 55 பல் என்றால் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல் சக்கரம்) விட்டமே 222 மி.மீ. செயினையும் சேர்த்தால் தரைக்கு மிஞ்சுவது 23 மி.மீ.; ஆள் உட்கார்ந்து டயர் அமுங்கினால் அதுவும் இல்லை. செயினைக் கழற்ற ஒரு சின்னக் கல் போதும். பல் இடைவெளி குறைந்த 219 ரகச் செயினில் அதே 55 பல் 136 மி.மீ.தான். பெட்ரோல் ரேஸ் கார்ட்டுகளில் ஓடுவது இதுவே, உங்கள் மோட்டாரை நன்றாகத் தாங்கும். வாங்குமுன் 11 பல் ஸ்ப்ராக்கெட்டின் துளை உங்கள் மோட்டார் ஷாஃப்டுக்குப் போதுமா என்று பாருங்கள்.

பல் தாண்டுவதற்கு மோட்டார் மாட்டியிருக்கும் தகட்டைச் சந்தேகப்படுங்கள். எலெக்ட்ரிக் மோட்டார் நின்ற இடத்திலேயே முழு இழுவை கொடுக்கும். தகடு மெலிந்திருந்தால் மோட்டார் ஆக்ஸில் பக்கம் சாய்ந்து செயின் தொய்ந்துவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மோட்டாரைக் கம்பியால் ஆக்ஸில் பக்கம் நெம்புங்கள். 1 மி.மீ. அசைந்தாலும் 6 மி.மீ. தகடு போட்டு, இருபுறமும் முக்கோணத் தாங்கு பற்றவையுங்கள். போல்ட் துளைகள் நீளவாக்கில் இருக்கட்டும், கூடவே செயினை இறுக்க ஒரு தள்ளு போல்ட்.

பதில் 2

கழன்று விழுவதற்கு வேறு காரணமும் உண்டு. ஆக்ஸிலைத் தாங்கும் பிலோ பிளாக் பேரிங்கில், அதை ஆக்ஸிலோடு பிடிக்கும் சின்ன ஸ்க்ரூக்கள் அதிர்வில் தளர்ந்தால் ஆக்ஸில் பக்கவாட்டில் நகரும், ஸ்ப்ராக்கெட்டும் கூடவே போகும். ஓட்டி முடித்ததும் பேரிங் ஓரத்தில் பளபளவென்று புது உரசல் தெரிகிறதா? தெரிந்தால் இதுதான். இரண்டு பேரிங்குக்கும் உட்பக்கம் ஷாஃப்ட் காலர் (ஆக்ஸிலைக் கவ்வும் வளையம்) போட்டு இறுக்குங்கள்.

அப்புறம், பேரிங் மாட்டியிருக்கும்போது வெல்டிங் வேண்டாம். எர்த் கிளாம்ப் (வெல்டிங் கரண்ட் திரும்பும் கவ்வி) தள்ளியிருந்தால் கரண்ட் பேரிங் குண்டுகள் வழியாகப் பாய்ந்து குழி விழும்.

பதில் 3

ஸ்டீயரிங் விஷயம். பின் சக்கரம் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் திருப்பத்தில் வண்டி நேராகத் தள்ளும். உள்பக்கப் பின் சக்கரம் லேசாகத் தூக்கினால்தான் திரும்பும். அதைத் தூக்குவது காஸ்டர், அதாவது கிங் பின்னின் (முன் சக்கரம் திரும்பும் அச்சுக் கம்பி) பின்சாய்வு. கிங் பின்னின் மேல்முனை 12 டிகிரி அளவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கட்டும். ஆளை உட்காரவைத்து, சமதளத்தில் ஸ்டீயரிங்கை ஒரு கோடிக்குத் திருப்புங்கள்: உள்பக்க முன் சக்கரம் கீழே அழுத்த, அதே பக்கப் பின் சக்கரத்தின் பாரம் குறைய வேண்டும். குறையவில்லையென்றால் காஸ்டர் போதவில்லை, அல்லது சீட் ரொம்பப் பின்னால் இருக்கிறது. மொத்த எடையில் சுமார் 40 சதவீதம் முன்னால் வரட்டும்.

கிங் பின்னிலிருந்து டை ராட் (ஸ்டீயரிங்கோடு சேர்ந்து முன் சக்கரத்தைத் திருப்பும் கம்பி) முனை வழியாக நூல் பிடித்தால், இரண்டு பக்க நூலும் பின் ஆக்ஸிலின் நடுவில் சந்திக்க வேண்டும். ராட் எண்டுகளில் (டை ராட் முனையிலுள்ள உருண்டை மூட்டு) நைலாக் நட்டும் (நைலான் வளையம் உள்ள, அதிர்வில் தளராத நட்), உருண்டையைவிட அகலமான வாஷரும் கட்டாயம்; உருண்டை தேய்ந்து வெளியே வந்தாலும் டை ராட் கழன்று விழாது.