பொருள்: டிஎன்எஸ் ‘பரவல்’ வேண்டாம், ‘வடிதல்’ என்போமா?

அண்ணாச்சிக்கும் மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

டொமைனை (தளத்தின் பெயரை) ஹோஸ்டிங் கணக்கோடு (தளத்தின் கோப்புகள் இருக்கும் இடத்தோடு) இணைப்பது பற்றி நாம் தமிழில் எழுதும் கையேட்டுக்கான சொற்கள் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டன. டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் ஐபி எண்ணை, அதாவது வழங்கியின் எண் முகவரியைச் சொல்லும் ஏற்பாடு. அதில் பெயரின் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வர் ‘பெயர்வழங்கி’, ஐபி எண்ணைச் சொல்லும் ஏ ரெக்கார்டு ‘முகவரிப் பதிவு’, மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டு ‘அஞ்சல் பதிவு’. டொமைனுக்கு ஆள்களமா களப்பெயரா என்பதை அப்புறம் பார்ப்போம். கையேட்டில் டொமைன் என்றே போட்டுவிடலாம், கடைக்காரர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். நான் எழுத வந்தது ‘புராப்பகேஷன்’ பற்றி, அதாவது டிஎன்எஸ்ஸில் செய்த மாற்றம் எல்லா இடத்திலும் தெரிய ஆகும் தாமதத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் சொல் பற்றி. அண்ணாச்சி ‘பரவல்’ என்று எழுதியிருந்தீர்கள், யாழ்ப்பாணத்து நண்பர் ‘பரம்பல்’ என்றார். இரண்டுமே கையேட்டுக்குள் போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

பத்தமடையில் கோரைப்பாய் நெய்து விற்கும் ஒரு குடும்பத்துக்கு அண்மையில் தளம் போட்டுக் கொடுத்தேன். டொமைன் ஓரிடத்தில் வாங்கியது, ஹோஸ்டிங் வேறிடத்தில். முகவரிப் பதிவில் புதிய ஐபி எண்ணைப் போட்டுச் சேமித்ததும் அந்த அக்காவின் போனில், மொபைல் டேட்டாவில், புதிய பக்கம் வந்துவிட்டது. பட்டுப்பாய், மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய், விலை எல்லாம் இருந்தது. அதே போனில் வீட்டு வைஃபையைப் போட்டால் பழைய ‘விரைவில் வருகிறோம்’ பக்கம். “தம்பி, இன்னும் எங்க தெருவுக்குப் பரவலையோ?” என்று கேட்டார்கள். பரவல் என்று சொல்லிக் கொடுத்தால் யாருக்கும் இந்தக் கேள்விதான் வரும். எங்கிருந்தோ ஒரு சேதி கிளம்பி ஊர் ஊராக வருகிறது, பத்தமடைக்கு வர நாளாகும் என்று தோன்றும்.

நடப்பது அதுவே இல்லை. முகவரியை மாற்றியதை யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை. இணைய இணைப்பு தருபவரின் தேடுவழங்கி (ரிசால்வர், பெயருக்கான முகவரியை நமக்காகக் கேட்டுத் தரும் கணினி), யாராவது அந்தப் பெயரைக் கேட்கும்போதுதான் நம் பெயர்வழங்கியிடம் போய்க் கேட்கிறது. கிடைத்த பதிலைக் குறித்த நொடிகளுக்குத் தன் நினைவில் வைத்துக்கொள்கிறது. அந்த நேரம் தீரும்வரை மறுபடி கேட்காது. அக்கா காலையில் வைஃபையில்தான் பழைய பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று பதிவில் குறிப்பதுதான் டிடிஎல். இந்தப் பதிவின் டிடிஎல் 14400 நொடி, அதாவது நாலு மணி நேரம். மொபைல் டேட்டா பக்கம் அன்று யாரும் கேட்கவில்லை, அதனால் அங்கே தேங்கிய பழைய பதிலும் இல்லை. மதியம் நேரம் தீர்ந்ததும் வைஃபையிலும் புதுப் பக்கம் வந்தது.

எல்லா இடத்திலும் சொல்லும் ‘24 முதல் 48 மணி நேரம்’ என்பதற்கும் காரணம் இருக்கிறது. டாட் காம் பெயர்களுக்கு எது பெயர்வழங்கி என்பதை மேல்மட்டத்தில் இருக்கும் வழங்கிகள் 172800 நொடி டிடிஎல்லோடு சொல்கின்றன. அது சரியாக 48 மணி நேரம். அதை நாம் குறைக்க முடியாது. ஆனால் பெயர்வழங்கியைத் தொடாமல் முகவரிப் பதிவை மட்டும் மாற்றினால் அந்த 48 மணிக்கு வேலையே இல்லை, நம் பதிவின் டிடிஎல்தான் கணக்கு. கையேட்டில் இதைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும். மாற்றுவதற்கு முந்தின நாளே டிடிஎல்லை 300 நொடி ஆக்கிவிட்டால், மறுநாள் அஞ்சு நிமிடத்தில் வேலை முடியும். பரவல் என்று நம்பியிருப்பவருக்கு இந்த வழி தோன்றவே தோன்றாது, காத்திருப்பதைத் தவிர வேறில்லை என்று உட்கார்ந்திருப்பார். இன்னும் மோசம், ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு ‘பரவவில்லையே’ என்று பெயர்வழங்கியையும் மாற்றுவார். புதிய இடத்தில் அஞ்சல் பதிவு இல்லாவிட்டால் வர வேண்டிய மின்னஞ்சலும் நின்றுபோகும்.

அதனால் நான் முன்வைக்கும் சொல் ‘வடிதல்’. 2023 டிசம்பர் வெள்ளம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். தாமிரபரணியில் தண்ணீர் இறங்கிய பிறகும் தெருக்களில் நின்றது. ஒவ்வொரு தெருவும் அதனதன் மேடு பள்ளத்துக்கு ஏற்ப வடிந்தது. ஆற்றில் மட்டம் இறங்கியதைத் தெருவுக்கு யாரும் அறிவிக்க வேண்டியிருக்கவில்லை. பழைய முகவரியும் ஒவ்வொரு தேடுவழங்கியிலும் தனித்தனியாக, அங்கங்கே தேங்கிய நேரத்தைப் பொறுத்து வடிகிறது. ‘இன்னும் வடியவில்லை’, ‘உங்கள் பக்கம் வடிந்துவிட்டதா?’ என்று வாயில் வருகிறது பாருங்கள். எந்த விளக்கமும் இல்லாமல் பாளையங்கோட்டையில் ஒரு கடைக்காரருக்குப் புரியும்.

அண்ணாச்சி எழுப்பிய மறுப்பு நியாயமானது: வடிவது பழையது, புதியது வருவதைச் சொல் காட்டவில்லையே? ஆனால் காத்திருப்பதே பழையது போவதற்காகத்தானே. புதியது நாம் சேமித்தவுடன் பெயர்வழங்கியில் தயாராகிவிடுகிறது. இன்னொன்று. இதுவரை இல்லாத பெயரை ஒருவர் முன்கூட்டியே தேடிவிட்டால், ‘அப்படி ஒன்று இல்லை’ என்ற பதிலும் நினைவில் தங்கிவிடும். 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2308 என்ற இணையத் தர ஆவணம் இதற்கு விதியே வகுத்திருக்கிறது. அந்த ‘இல்லை’யும் வடிய வேண்டும். இதைப் பரவல் என்ற சொல்லால் விளக்கவே முடியாது.

ஓரிடத்தில் பரவல் பொருந்தும். முதன்மைப் பெயர்வழங்கியிலிருந்து துணைப் பெயர்வழங்கிகளுக்குப் பதிவுகள் நகலாகப் போகின்றனவே, அது உண்மையிலேயே பரவல்தான். அண்ணாச்சியின் சொல்லை அங்கே வைத்துக்கொள்வோம்.

டிடிஎல்லுக்கு ‘தங்குகாலம்’ என்கிறேன். ‘வடிகாலம்’ என்று ஒரு நண்பர் சொன்னது ஓசைக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் அச்சில் ஓர் ‘அம்’ விட்டுப்போனால் சாக்கடை வடிகால் ஆகிவிடும். ‘வாழ்நாள்’ என்பதும் சரிவராது. பதிவு சாவதில்லை, நகல்தான் காலாவதியாகிறது.

கையேட்டில் இப்படி எழுதிப் பார்த்தேன்: “முகவரிப் பதிவின் தங்குகாலத்தை முந்தின நாளே 300 நொடியாகக் குறையுங்கள். ஹோஸ்டிங் கணக்கில் டொமைனைச் சேர்த்துவிட்டுப் பிறகு முகவரியை மாற்றுங்கள். பழைய முகவரி வடியும்வரை பழைய ஹோஸ்டிங்கை நிறுத்தாதீர்கள்.” இரண்டாவது வரியை விட்டுவிடக் கூடாது. ஒரே ஐபியில் பல தளங்கள் இருப்பதால், டொமைன் பெயர் கணக்கில் இல்லாவிட்டால் வழங்கி தன் பொதுப் பக்கத்தைக் காட்டும். அதையும் ‘இன்னும் வடியவில்லை’ என்று எண்ணி வீணாகக் காத்திருப்பார்கள்.

‘தேடுவழங்கி’ எனக்கே முழுத் திருப்தியில்லை, தேடுபொறியோடு குழம்பும். அதற்கு மட்டும் நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள். வடிதல், தங்குகாலம் இரண்டுக்கும் மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று அந்த அத்தியாயத்தை அச்சுக்கோப்புக்குக் கொடுக்க வேண்டும்.