ரைஸ்மில் சாம்பல், மகனுக்கு இளைப்பு: வீட்டை மாத்துறதா?

கொல்லைப்புறத்துக்காரி

திருச்சி மாவட்டம், மண்ணச்சநல்லூர் பக்கம் ஒரு கிராமம். எங்க கொல்லைக்கும் ரைஸ்மில் காம்பவுண்டுக்கும் நடுவுல ஒரு வாய்க்கால், அவ்வளவுதான். நான் கல்யாணமாகி வந்தப்ப அது சின்ன மில். நெல்லை அவிச்சுக் களத்துல கொட்டி வெயில்ல காயவைப்பாங்க. என் மாமியாரே இருபது வருஷம் அந்தக் களத்துல நெல்லு துழாவினவங்க. ஆறு வருஷம் முன்னாடி டிரையர் போட்டு, பெரிய பாய்லர் வச்சாங்க. இப்ப ராப்பகலா ஓடுது.

விடிஞ்சு வாசல் தெளிக்கப் போனா முந்தின நாள் கோலத்து மேல கறுப்புப் பொடி உக்காந்திருக்கும். பையன் யூனிஃபார்மைக் கொடியில போட முடியாது, வீட்டுக்குள்ள ஃபேனுக்கு அடியிலதான் காயுது. தண்ணிக்குடத்தைத் திறந்து வச்சா மேல கரி மிதக்கும். இதெல்லாம் பழகிப்போச்சுங்க. இப்ப பயம் பையனை நினைச்சுதான்.

அவனுக்கு நாலரை வயசு. இந்த ஆடியில மட்டும் அஞ்சு தடவை ராத்திரி ரெண்டு மணி, மூணு மணிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்கோம். முதல்ல வறட்டு இருமல், அப்புறம் விசில் மாதிரி சத்தம், விலா உள்ள வாங்கும். ஆஸ்பத்திரியில மிஷின் வச்சு மருந்து குடுத்தா அடங்கும். டாக்டர் இன்ஹேலர் எழுதிக் குடுத்தார். "அதுக்கு அடிமையாயிடுவான்"னு மாமியார் எடுத்துப் பரண்ல போட்டுட்டாங்க. துறையூர்ல எங்கம்மா வீட்டுல பத்து நாள் இருந்தா ஒரு இருமல் கிடையாது. இங்க வந்த மூணாம் நாளே ஆரம்பிச்சிடும்.

சின்னவளுக்கு ஒம்பது மாசம். போன வாரம் கண்ணுல தூசி விழுந்து ஒரே பீளை. தாய்ப்பால் விடச் சொன்னாங்க, விட்டேன்.

மில்லுக்காரங்ககிட்டப் போய்க் கேக்கலாம்தான். என் கொழுந்தனார் அங்கதான் லோடுமேன். நான் வாயைத் திறந்தா அவர் கூலி போயிடும்னு வீட்டுல எல்லாரும் என்னைத்தான் பாக்குறாங்க. பையனுக்கு மில்லாலதான் இப்படி ஆகுதா? வீட்டை விட்டுட்டு வாடகைக்குப் போயிடலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய பாய்லர்காரன்

தங்கச்சி, காங்கேயம் பக்கம் மில்லுங்கள்ல 24 வருஷம் பாய்லர் பாத்தவன் நான். உள்ள நடக்குறதைச் சொல்றேன்.

ஒரு டன் நெல்லு அரைச்சா சுமார் 200 கிலோ உமி விழும். அந்த உமிதான் பாய்லருக்குத் தீனி, காசு கிடையாது. ஆனா எரிஞ்சபிறகு அதுல அஞ்சுல ஒரு பங்கு சாம்பலா நிக்கும். விறகுல நூத்துக்கு ஒண்ணு ரெண்டுதான். உமி பாய்லர் வச்ச ஊரு கறுத்துப்போறது இதனாலதான். நல்லா எரிஞ்ச உமி வெள்ளையா, சாம்பல் நிறமா இருக்கும். உங்க வாசல்ல கறுப்பா விழுதுன்னா அரைவேக்காடா எரியுதுன்னு அர்த்தம். காத்து பத்தலை, இல்ல ஈர உமி போடுறாங்க.

புகைபோக்கிக்கு முன்னாடி சைக்ளோன்னு ஒரு பெரிய கூம்பு இருக்கணும். புகையைச் சுழட்டி விடும்போது கனமான சாம்பல் ஓரத்துல அடிச்சுக் கீழ இறங்கிடும். அடியில சேருறதை அப்பப்ப எடுக்கணும். அடைச்சுக்கிட்டா விழ வேண்டியதெல்லாம் மேல போயிடும். ராத்திரி ஷிப்டுல இதுக்குன்னு தனியா ஆள் போட மாட்டாங்க. பாய்லர் குழாய்ல, அதான் டியூப்ல, படிஞ்ச கரியைத் தட்டி விடுறதும் விடியறதுக்கு முன்னாடிதான், ஊர் முழிச்சிருந்தா சண்டைக்கு வரும்ல. நானே செஞ்சிருக்கேன், மறைக்க என்ன இருக்கு.

சைக்ளோன் ரவையைப் பிடிக்கும், மாவைப் பிடிக்காது. மாவு மாதிரித் தூசியைப் பிடிக்கப் பை ஃபில்டர் வேணும். செலவு அதிகம், அதான் தள்ளிப்போடுவாங்க.

வார்டு அக்கா

குழந்தைகள் வார்டுல செவிலியா இருக்கேன். முதல்ல அந்தப் பரணைத் திறங்கம்மா.

இன்ஹேலர் மருந்து மைக்ரோகிராம் கணக்குல நேரா நுரையீரலுக்குப் போறது. அதுக்கு யாரும் அடிமையாக மாட்டாங்க. நாலு வயசுப் பிள்ளைக்கு முகமூடி வச்ச ஸ்பேசர்ங்கிற குழல் வழியா குடுக்கணும், வாயில நேரா அடிச்சா பாதி தொண்டையிலேயே நின்னுடும். தினமும் அடிக்கிறது எது, இளைப்பு வந்தா அடிக்கிறது எதுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்குங்க. உதடு நீலம் பாரிச்சாலோ, ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்புல பேச முடியாம திணறினாலோ யோசிக்காம 108க்குப் போடுங்க.

மில்லாலதானான்னு கேட்டீங்க. ஆஸ்துமா ஒரே காரணத்துல வர்றதில்ல. பரம்பரை இருக்கு, சளி வைரஸ் இருக்கு. ஆனா இருக்குற இளைப்பைப் புகையும் தூசியும் தூண்டிவிடும், அதுல சந்தேகமே இல்ல. கோலத்து மேல தெரியுற கரி பெரும்பாலும் மூக்குலயும் தொண்டையிலயும் நின்னுடும். நுரையீரலோட அடி வரைக்கும் இறங்குறது 2.5 மைக்ரானுக்குக் கீழ உள்ள நுண்தூசி. மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. தலைமுடி தடிமன்ல முப்பதுல ஒரு பங்குகூட இருக்காது. நாம நிமிஷத்துக்கு 12லேருந்து 20 தடவை மூச்சு விடுறோம், உங்க பையன் 25, 30 தடவை விடுவான். நுரையீரலும் இன்னும் வளந்துட்டிருக்கு. உங்க மாமியார் வளந்து முடிஞ்சபிறகு களத்துக்குப் போனவங்க, அதுவும் வெயில்ல காயவைச்ச காலத்துல. அதையும் இதையும் ஒப்பிட முடியாது.

கண்ணுல தாய்ப்பால் வேண்டவே வேண்டாம். நெல்லு, உமி பட்ட கண்ணுல பூஞ்சைத் தொற்று வர்றது நம்ம ஊர்ல சகஜம். கசக்க விடாம சுத்தமான தண்ணியில கழுவிட்டு கண் டாக்டர்கிட்டக் காட்டுங்க. மருந்துக்கடையில கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து விட்டா பூஞ்சை இன்னும் வேகமாப் பரவும்.

அப்புறம், வீட்டுக்குள்ள கொசுவத்திச் சுருள் கொளுத்துறீங்களா? பாப்பாவுக்குத் தலைக்கு ஊத்தினதும் சாம்பிராணி போடுறீங்களா? ரெண்டையும் நிறுத்துங்க. ஒரு சுருள் எரிஞ்சா வர்ற நுண்தூசி 75லேருந்து 137 சிகரெட் வரைக்கும் சமம்னு 2003ல ஒரு ஆய்வே வந்திருக்கு.

கொல்லைப்புறத்துக்காரி

அக்கா, தப்பா நினைக்காதீங்க. 24 மணி நேரம் புகை விடுறவனை விட்டுட்டு என் வீட்டு ஒரு கரண்டி சாம்பிராணியையா பிடிக்கிறீங்க? இதைத்தான் மில்லுக்காரரும் சொல்வார், "உங்க வீட்டு அடுப்பைப் பாருங்க"ன்னு.

வார்டு அக்கா

சொல்வார்தான். அதுக்காகவே நிறுத்துங்கன்னு சொல்றேன். உங்க கையில இருக்குறது இன்னிக்கே நிக்கும், மில்லு நாளைக்கு நிக்காது.

செங்குன்றம் வாசி

எங்க ஏரியாவுலயும் மில்லுங்க அதிகம், அதனால இந்தக் கூத்து அத்தனையும் பாத்தாச்சு. மூடுங்கன்னு மனு குடுக்காதீங்க. வேலை போயிடும்னு ஊரே உங்களுக்கு எதிரா நிக்கும், உங்க கொழுந்தனார் முதல் ஆளா நிப்பார். "ஃபில்டர் போடு, சாம்பலை நனைச்சு மூடி எடு, டியூப் தட்டுறதைப் பகல்ல வை"ன்னு கேளுங்க. இதுல யார் கூலியும் போகாது.

1981 காற்றுச் சட்டப்படி மில்லு ஓட்ட மாசு கட்டுப்பாட்டு வாரியத்தோட இசைவாணை, அதாவது அனுமதி, வேணும். அதுல என்னென்ன நிபந்தனை போட்டிருக்காங்கன்னு ஆர்டிஐல, அதான் தகவல் உரிமைச் சட்டத்துல, கேளுங்க. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினாப் போதும், 30 நாளுக்குள்ள பதில் தரணும். பல இடத்துல சைக்ளோன் பேப்பர்ல மட்டும்தான் சுத்தும். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாள்ல குடுத்து ரசீது வாங்குங்க. வருவாய்க் கோட்டாட்சியர், அந்த ஆர்டிஓகிட்டயும் ஒரு மனு, பொதுத்தொல்லைன்னு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 133வது பிரிவு, இப்ப அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்துல 152.

"அளவு வரம்புக்குள்ளதான் இருக்கு"ன்னு பதில் வந்தா அசந்துடாதீங்க. நுண்தூசிக்கு நம்ம நாட்டு ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்னது 5.

ஆதாரம் நீங்களே உண்டாக்கலாம். தினம் ராத்திரி மொட்டை மாடியில ஒரு வெள்ளைத் துணித்துண்டு விரிச்சு, நாலு மூலையிலயும் கல்லு வைங்க. காலையில மடிச்சுக் கவர்ல போட்டுத் தேதி எழுதுங்க. பக்கத்துலயே பையன் இருமினானா இல்லையான்னு ஒரு நோட்டு.

கொல்லைப்புறத்துக்காரி

ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன்.

இன்ஹேலர் இறங்கிடுச்சு. சுருளும் நின்னுது, கொசுவலை கட்டியாச்சு. சாம்பிராணிக்கு மாமியார் மூணு நாள் என்கிட்டப் பேசலை. இப்ப அதை சாமி ரூம்ல மட்டும், கதவைச் சாத்திட்டுப் போடுறாங்க. இவ்வளவுதான் என்னால முடிஞ்சது அக்கா. பாப்பா கண்ணையும் காட்டிட்டோம், ஒண்ணுமில்ல.

ஆவணி, புரட்டாசியில 41 நாள் துணி விரிச்சேன். 17 துணி கறுப்பு. பையன் இருமின ராத்திரி 11, அதுல 9 அந்தக் கறுப்புத் துணி விழுந்த ராத்திரிங்கதான். நோட்டைக் கொழுந்தனார் கையில குடுத்தேன். புரட்டிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம வெளிய போயிட்டார். மறுநாள் சாப்பிட உக்காந்தப்ப, "செவ்வா, சனி ராத்திரிதான் டியூப் தட்டுறாங்க அண்ணி"ன்னார். மனுவுல அவர் கையெழுத்துப் போடலை. ஓரகத்தி போட்டா.

மனு குடுத்து மூணு வாரத்துல டியூப் சுத்தம் பண்றதைப் பகலுக்கு மாத்திட்டாங்க. சாம்பல் மேட்டுக்குத் தார்ப்பாய் வந்திருக்கு. ஃபில்டருக்கு "பாக்கலாம்".

ஐப்பசி பிறந்து வாடைக்காத்து திரும்பினதும் எங்க வாசல் பளிச்சுன்னு ஆயிடுச்சு. ரெண்டு நாள் சந்தோஷமா இருந்தேன். அப்புறம் மேலத்தெரு அங்கன்வாடிக்குப் பையனைக் கூப்பிடப் போனா, அங்க ஜன்னல் திட்டுல விரல் வச்சுக் கோடு கிழிக்கலாம் போல கரி. காத்து திரும்பினா கரியும் திரும்பும்னு எனக்கு உறைக்கவே இல்ல. ஆடியிலயும் ஆவணியிலயும் நான் போய்ப் பேசினப்ப அந்தத் தெருக்காரங்க, "எங்களுக்கு ஒண்ணுமில்லையே"ன்னு சொல்லி அனுப்பினவங்க.

நேத்து அவங்க மூணு பேர் வந்து துணி எப்படி விரிக்கிறதுன்னு கேட்டாங்க. பழைய வேட்டியைக் கிழிச்சுக் குடுத்தேன். அடுத்த திங்கக்கிழமை சேர்ந்து போறோம். வாடகை வீடு பாக்குறதை இப்போதைக்கு நிறுத்தி வச்சிருக்கேன்.

பாய்லர் அண்ணா, பை ஃபில்டர் போட்டதாச் சொல்லிட்டு ஓட்டாம வச்சிருந்தா வெளியில இருக்குறவங்களுக்கு எப்படித் தெரியும்?