டெங்கு இரண்டாம் முறை வந்தால் ஏன் கடுமையாகிறது? உடலின் நினைவு காக்கத்தானே வேண்டும்?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது. சென்ற ஐப்பசி மழையின்போது காய்ச்சல் கண்டு, இரண்டாம் நாள் எடுத்த என்.எஸ்.1 பரிசோதனையில் டெங்கு என்று உறுதியானது. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போகவில்லை. ஒரு வாரத்தில் நலமானாள். கடைசி நாள் பார்த்த மருத்துவர், "இனி எப்போது டெங்கு வந்தாலும் தாமதிக்காமல் அழைத்து வாருங்கள், இரண்டாம் முறை வருவதைத்தான் நாங்கள் கூடுதலாகக் கவனிப்போம்" என்று சொல்லி அனுப்பினார்.

அந்தச் சொல் இன்றுவரை என் மனத்தை விட்டுப் போகவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இவளுக்குச் சின்னம்மை வார்த்தபோது, தலைக்குத் தண்ணீர் விட்ட அன்று என் மாமியார், "இனி இவளுக்கு இது திரும்ப வராது" என்றார். மருத்துவரும் அதையே சொன்னார். வெள்ளையணுக்கள் ஒருமுறை சந்தித்த கிருமியை நினைவில் வைத்துக்கொள்ளும் என்றே பள்ளிப் பாடத்திலும் படித்திருக்கிறோம். அந்த நினைவு அம்மையில் காப்பாக இருந்துவிட்டு டெங்குவில் மட்டும் எப்படித் தீங்காக மாறும்? என் மகளின் எதிர்ப்பு சக்தியில் ஏதேனும் குறை இருக்கிறது என்று மருத்துவர் மறைமுகமாகச் சொன்னாரோ என்றுகூட அஞ்சுகிறேன். அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நுண்ணுயிரியல் ஆசிரியர்:

அம்மா, முதலில் உங்கள் அச்சத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மகளின் எதிர்ப்பு சக்தியில் எந்தக் குறையும் இல்லை. அது சரியாக வேலை செய்ததால்தான் ஒரு வாரத்தில் எழுந்து நடமாடினாள். மருத்துவர் எச்சரித்தது டெங்கு வைரஸின் இயல்பைக் கருதி.

உடலின் நினைவு எவ்வளவு நீண்டது என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் 1781-இல் தட்டம்மை பரவியது. அதன் பின் 65 ஆண்டுகள் அந்நோய் அங்கு எட்டிப் பார்க்கவில்லை. 1846-இல் அது மீண்டும் நுழைந்தபோது, ஏறத்தாழ 7,800 பேர் வாழ்ந்த தீவுகளில் சுமார் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். அங்கு அனுப்பப்பட்ட பீட்டர் பானும் (Panum) என்ற டென்மார்க் மருத்துவர், 1781-இல் நோய் கண்டு பிழைத்த முதியவர்களில் ஒருவருக்கும் அது மறுபடி வரவில்லை என்று பதிவு செய்தார். இடையில் ஒருமுறைகூடப் பார்க்காத கிருமியை 65 ஆண்டுகள் கழித்தும் அந்த உடல்கள் அடையாளம் கண்டுகொண்டன.

இந்த நினைவு எங்கே இருக்கிறது என்றால், பெரும்பகுதி பி செல்கள், டி செல்கள் என்னும் இருவகை வெள்ளையணுக்களில் இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் ஒவ்வொரு பி செல்லும் தன் மேற்பரப்பில் ஒரு குறிப்பிட்ட வடிவத்தை மட்டும் பற்றக்கூடிய கைகளைத் தாங்கி வருகிறது. எந்தக் கிருமி வரப்போகிறது என்று தெரியாமலேயே கோடிக்கணக்கான வடிவங்களுக்கான கைகள் முன்கூட்டியே உருவாகிவிடுகின்றன. வைரஸ் நுழைந்ததும், அதற்குப் பொருந்துகிற கையுடைய சில செல்கள் நிணநீர் முடிச்சுகளில் உதவி டி செல்களின் துணையோடு பல்கிப் பெருகுகின்றன. அப்படிப் பெருகும்போது கையின் வடிவத்தில் சிறுசிறு மாற்றங்கள் ஏற்பட, இன்னும் இறுக்கமாகப் பற்றுபவையே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அவற்றுள் சில பிளாஸ்மா செல்களாகி எலும்பு மஜ்ஜையில் குடியேறி, ஆன்டிபாடி என்று நாம் கேள்விப்படும் எதிர்ப்பொருளைப் பல ஆண்டுகள் சுரந்துகொண்டே இருக்கும். வேறு சில, நினைவு செல்களாகக் காத்திருக்கும்.

ஆகவே, பாடநூல்கள் சொல்வதுபோல இவற்றைப் "பகைவனை அறிந்த வீரர்கள்" என்று கொள்வதில் ஒரு பிழை இருக்கிறது. செல்லுக்குப் பகைவன் யாரென்று தெரியாது. வடிவம் மட்டுமே தெரியும். சின்னம்மை வைரஸில் அடிப்படையில் ஒரே வகைதான் உண்டு என்பதால், ஒருமுறை பழகிய வடிவமே வாழ்நாள் முழுதும் போதுமானதாகிறது. (அந்த வைரஸ் உடலை விட்டு வெளியேறிவிடுவதில்லை, நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடந்து, முதுமையில் அக்கியாக வெளிப்படக்கூடும்.) டெங்குவோ, 1, 2, 3, 4 என நான்கு வகை. நான்கும் உடன்பிறந்தவைபோல ஒத்த முகம் கொண்டவை, ஆனால் ஒன்றல்ல. மகளுக்கு வந்த வகை எதுவோ, அதற்கு எதிரான காப்பு நெடுங்காலம் நிற்கும். பிற மூன்றுக்கு எதிராகச் சில மாதங்கள் மட்டும் ஓரளவு காப்பு இருந்து தேய்ந்துவிடும்.

அது தேய்ந்த பிறகு வேறொரு வகை நுழைந்தால் என்ன நேர்கிறது என்பதே உங்கள் கேள்விக்கான விடை. பழைய எதிர்ப்பொருள் புதிய வைரஸைப் பற்றுகிறது. ஆனால் செயலிழக்கச் செய்யும் அளவுக்கு இறுக்கமாகவோ நிறைவாகவோ பற்றுவதில்லை. எதிர்ப்பொருள் ஒட்டிய எதையும் இழுத்து விழுங்குவது மேக்ரோபேஜ் என்னும் பெருவிழுங்கிகளின் வேலை. எதிர்ப்பொருளின் வால்பகுதியைப் பிடித்துக்கொள்வதற்கென்றே அவற்றின் மேற்பரப்பில் ஏற்பிகள் உண்டு. பெரும்பாலான கிருமிகளுக்கு அதுவே முடிவு: விழுங்கப்பட்டு, அமிலம் நிறைந்த பைக்குள் செரிக்கப்பட்டுவிடும். டெங்கு வைரஸோ, பெருவிழுங்கிகளிலும் அவற்றின் முன்னோடிகளான மோனோசைட்டுகளிலும் வாழ்வதற்கே பழகியது. அது மட்டுமல்லாமல், பைக்குள் அமிலம் ஏறும்போது அதன் உறைப்புரதம் உருமாறி, பையின் சவ்வோடு இணைந்து, உள்ளிருக்கும் மரபுப்பொருளைச் செல்லுக்குள் விட்டுவிடுகிறது. அழிப்பதற்காக உடல் வைத்திருக்கும் அமிலமே அதற்கு வாசலைத் திறக்கிறது. இவ்வாறு, அரைகுறையாகப் பற்றிய எதிர்ப்பொருள் வைரஸை அது தேடிவந்த வீட்டுக்கே கொண்டு சேர்ப்பதால், முதல் தொற்றில் இருந்ததைவிட அதிகமான செல்கள் பாதிக்கப்படுகின்றன. எதிர்ப்பொருள்வழித் தொற்றுப் பெருக்கம் என்பது இதுதான்.

குழந்தைநல மருத்துவர்:

ஆசிரியர் விளக்கியது சரியானதே. ஆயினும் இதைப் படிக்கும் பெற்றோர் கலங்கிவிடக்கூடாது என்பதற்காக ஒன்றைச் சேர்க்கிறேன். இரண்டாம் முறை டெங்கு வருபவர்களிலும் மிகப் பெரும்பாலோர் கடுமையான நிலையை அடைவதில்லை. முதல் முறையே கடுமையாவதும் உண்டு. இரண்டாம் முறையில் ஆபத்தின் வாய்ப்பு கூடுகிறது என்பதே உண்மை. உங்கள் மருத்துவர் சொன்னதன் பொருளும் அவ்வளவே.

இந்தக் கருத்து ஆய்வகத்தில் மட்டும் பிறந்ததன்று. கியூபாவில் 1977-இல் முதல் வகை டெங்கு நாடெங்கும் பரவியது. 1981-இல் இரண்டாம் வகை வந்தபோது 3,44,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்று, 158 பேர் இறந்தனர். இறந்தவர்களில் 101 பேர் குழந்தைகள். அதன் பிறகு கொசு ஒழிப்பால் அந்நாட்டில் பல ஆண்டுகள் டெங்கு இல்லை. 1997-இல் சாண்டியாகோ நகரில் இரண்டாம் வகை மறுபடி புகுந்தபோது, கடும் டெங்குவில் இறந்த 12 பேரும் வளர்ந்தவர்களே. பழைய முதல்வகைத் தொற்றின் நினைவைச் சுமந்த உடல்கள் வளர்ந்தவர்களிடம் மட்டுமே இருந்தன. 1981-க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு அது முதல் டெங்கு. இருபது ஆண்டுகள் கழித்தும் அந்த நினைவு விலகவில்லை என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குத் திகைப்பு ஏற்படுகிறது.

டி செல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாய்லாந்துக் குழந்தைகளிடம் செய்து 2003-இல் வெளியான ஆய்வில், இரண்டாம் தொற்றின்போது பெருகிய கொல்லி டி செல்களில் பல, இப்போது வந்த வகையைவிட முன்பு வந்த வகைக்கே நன்கு பொருந்துவதாகத் தெரிந்தது. அவை விரைந்து எழுந்து அழற்சிப் பொருள்களைக் கொட்டுகின்றன, வைரஸை ஒழிப்பதில் பின்தங்குகின்றன என்று அப்போது கருதப்பட்டது. ஆனால் கொழும்பில் இரத்தக் கொடையாளர்களைக் கொண்டு நடந்து 2013-இல் வெளியான ஆய்வு, கொல்லி டி செல்களின் வலுவான செயற்பாடு காப்பையே தருகிறது என்ற முடிவுக்கு வந்தது. என் சாய்வு பின்னதன் பக்கமே. எதிர்ப்பொருள்மீது சுமத்தும் பழியை டி செல்கள்மீதும் ஒரே அளவில் சுமத்த முடியாது.

பெற்றோர் எல்லோரும் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் பிளாஸ்மாக் கசிவு. தொற்றுற்ற செல்கள் விடும் அழற்சிப் பொருள்களும், வைரஸ் வெளியிடும் என்.எஸ்.1 புரதமும் தந்துகிகளின் உட்சுவரைத் தளர்த்த, இரத்தத்தின் நீர்ப்பகுதி நெஞ்சிலும் வயிற்றிலும் கசிகிறது. இது பெரும்பாலும் காய்ச்சல் தணியும் நேரத்தில், நோயின் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் தொடங்கி, ஒன்றிரண்டு நாள்கள் நீடிக்கும். "காய்ச்சல் விட்டுவிட்டது" என்று வீட்டில் எல்லோரும் நிம்மதி அடையும் அந்த நேரமே கண்ணை மூடக்கூடாத நேரம். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தம், கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், பிள்ளை சோர்ந்து துவளுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அப்போதே கொண்டுவர வேண்டும். நாங்கள் பி.சி.வி. அளவு, அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறுகிறதா என்றே முதலில் பார்ப்போம். ஏறினால் இரத்தம் கெட்டியாகிறது, நீர் கசிகிறது என்று பொருள். இரத்தப்போக்கு இல்லாதபோது தட்டணு எண்ணிக்கை குறைந்ததற்காக மட்டும் தட்டணு ஏற்றுவதால் பயன் இல்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவற்றைத் தரவே கூடாது.

வைகைக்கரை:

ஆசிரியர் ஐயாவுக்கும் டாக்டருக்கும் மனமார்ந்த நன்றி. என் மகளிடம் குறை இல்லை என்ற ஒரு வரியே எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் இதைப் படித்ததும் இன்னொரு கேள்வி எழுந்துவிட்டது. எனக்குக் கல்லூரிக் காலத்தில் டெங்கு வந்திருக்கிறது. இப்போது ஏழு மாதக் கைக்குழந்தையும் எனக்கு இருக்கிறது. தாயின் எதிர்ப்பொருள் குழந்தைக்குப் போகும் என்பார்களே. அது அவனைக் காக்குமா, அல்லது நீங்கள் சொன்னதுபோல் ஆகிவிடுமா? டெங்குத் தடுப்பூசி போடலாமா என்றும் என் கணவர் கேட்கச் சொன்னார்.

குழந்தைநல மருத்துவர்:

சகோதரி, மிகச் சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். 1960-களில் பாங்காக் மருத்துவமனைகளில் கடும் டெங்குவோடு வந்த பிள்ளைகளை ஆராய்ந்த ஸ்காட் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க மருத்துவரைக் குழப்பியதும் இதுவே. வளர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டாம் தொற்றில் வந்த அதே கொடிய நிலை, ஒரு வயது நிறையாத குழந்தைகளுக்கு முதல் தொற்றிலேயே வந்தது. தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் பெற்ற எதிர்ப்பொருளே அதற்குக் காரணம் என்று பின்னர் தெளிவானது. பிறந்த முதல் சில மாதங்கள் அதன் அளவு உயர்ந்திருப்பதால் காக்கிறது. மாதந்தோறும் குறைந்து, ஏறத்தாழ ஆறிலிருந்து ஒன்பதாம் மாதம் வரை, காக்கப் போதாததாகவும் வைரஸை ஏற்றிச் செல்லப் போதுமானதாகவும் நிற்கிறது. ஒரு வயதை நெருங்கும்போது மறைந்துவிடுகிறது.

உங்கள் மகன் இப்போது அந்த இடைக்காலத்தில் இருக்கிறான். இதை அச்சமூட்டச் சொல்லவில்லை; இந்த மாதங்களில் அவனுக்குக் காய்ச்சல் வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள் என்பதற்காகவே சொல்கிறேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, அதிலும் காலையிலும் பொழுது சாயும் முன்பும் மிகுதி. ஆகவே இரவில் மட்டும் வலை கட்டுவது போதாது. பகலில் தூளியில் உறங்கும்போதும் வலை வேண்டும். தாய்ப்பாலைத் தயங்காமல் தொடருங்கள்.

ஆய்வகப் பணியாளர்:

தடுப்பூசி பற்றிய கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். ஏனெனில் டாக்டர் மேலே சொன்ன அதே "இடைப்பட்ட அளவு"தான் இங்கும் மையம். நிகரகுவாவின் மனாகுவா நகரில் குழந்தைகளைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், எதிர்ப்பொருள் மிகுதியாக இருந்தவர்களுக்குக் காப்பு இருந்தது. இடைப்பட்ட குறுகிய ஓர் அளவில் இருந்தவர்களுக்கோ, எதிர்ப்பொருளே இல்லாதவர்களைவிடக் கடும் டெங்குவின் ஆபத்து ஏழு மடங்குக்கும் மேல் இருந்தது.

இதை அறிவதற்கு முன்பே பிலிப்பைன்ஸ் பெரிய விலை கொடுத்துவிட்டது. 2016-இல் டெங்வாக்சியா என்ற தடுப்பூசியை அங்கு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டார்கள். முன்பு டெங்கு வந்தே இராதவர்களுக்கு அந்த ஊசி முதல் தொற்றுபோலவே செயல்பட்டு, பின்னர் இயற்கையாக வரும் தொற்றைக் கடுமையாக்கக்கூடும் என்று 2017 நவம்பரில் தயாரிப்பு நிறுவனமே அறிவித்தது, திட்டம் நிறுத்தப்பட்டது. முன்பு தொற்று வந்ததா என்று இரத்தத்தில் சோதித்த பிறகே அதைப் போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வலியுறுத்தியது. அந்தப் பெற்றோர்கள் அனுபவித்த மனத்துயரை எண்ணினால், புதிய தடுப்பூசிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்ப்பதில் காட்டப்படும் பொறுமை எனக்கு நியாயமாகவே படுகிறது. இந்தியாவில் நான்கு வகைகளுக்கும் எதிரான தடுப்பூசி ஒன்றின் மூன்றாம் கட்டச் சோதனையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.), 10,000-க்கும் மேற்பட்ட வளர்ந்தவர்களிடம் 2024-இல் தொடங்கியது. எப்படியும் ஏழு மாதக் குழந்தைக்கு இன்று போடக்கூடிய டெங்குத் தடுப்பூசி எதுவும் இல்லை.

ஒரு வேண்டுகோள்: மகளின் என்.எஸ்.1 முடிவுத் தாளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மறுமுறை காய்ச்சலோடு வரும்போது ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. என்னும் இருவகை எதிர்ப்பொருள்களின் முடிவுகளை எப்படிப் பொருள் கொள்வது என்பதற்கு அந்தத் தாள் பெரிதும் உதவும். இரண்டாம் தொற்றில் நினைவு செல்கள் விழித்துக்கொள்வதால் ஐ.ஜி.ஜி. மிக விரைவில் உயர்ந்துவிடும்.

வைகைக்கரை:

தாளைத் தேடி எடுத்து, மகளின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்துத் தைத்து வைத்துவிட்டேன். மகனின் தூளிக்கு இன்று மதியமே வலை கட்டினோம். குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் நீர் தேங்கும் தட்டைக் கணவர் வெளியே இழுத்துப் பார்த்தார். அதில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.